குடுவையும் குழாயும்

ஒரு பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைக் கண்டறிந்த அறிஞர்களின் பெயர்களையும் அவர்கள் பெற்ற பரிசுகளையும் நிரல்படக் கூறி அமைவது வழக்கம். அப்பொருள் எதில் கரைந்து, எந்தக் கலத்தில் விளைந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் அடுப்படியில் பயின்ற எவரும் இதனை அறிவர்: அதே அரிசி, அதே நீர், அதே தீ; பானை மாறினால் சோற்றின் பதமும் மாறிவிடுகிறது. வேதியியலும் இதற்கு விலக்கன்று. 2023ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசுக்கு உரியதாய் அமைந்த ‘குவாண்டம் புள்ளிகள்’ என்னும் நுண்துகள்களின் வரலாறு, ஒரு வகையில் கலங்களின் வரலாறே ஆகும். கண்ணாடியில் தோன்றி, நீரில் வெளிப்பட்டு, கொதிக்கும் எண்ணெய் போன்ற நீர்மத்தில் முதிர்ந்து, மீண்டும் நீரை நாடி வந்திருக்கும் அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அளவே நிறமாகும் விந்தை

ஒரு பொருளின் நிறம் அதன் இயல்பைப் பொறுத்தது என்பதே நாம் இளமையிற் கற்ற பாடம். மஞ்சள் என்றும் மஞ்சளே; ஒரு பிடி எடுத்தாலும் ஒரு சிட்டிகை எடுத்தாலும் அதன் நிறம் மாறுவதில்லை. ஆனால் ஒரு சென்டிமீட்டரை ஒரு கோடிக் கூறுகளாகப் பிரித்து, அவற்றுள் ஐந்தாறு கூறுகளின் அளவுக்கு ஒரு படிகத்தைச் சுருக்கிவிட்டால் இந்தப் பாடம் பொய்த்துப் போகிறது. அக்கூறு ஒன்றின் பெயரே நானோமீட்டர்.

குறைகடத்தி எனப்படும் பொருள்களில், பிணைந்து கிடக்கும் எலெக்ட்ரான் ஒன்று விடுபட்டு உலவ வேண்டுமானால் அது ஒரு குறிப்பிட்ட ஆற்றல் இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். பெரும் படிகத்தில் இவ்விடைவெளி மாறாதது. படிகம் சில நானோமீட்டர் அளவுக்குக் குறுகும்போதோ, எலெக்ட்ரான் உலவுதற்குரிய இடமே நெருக்கடிக்கு உள்ளாகிறது. வீணையின் நரம்பை விரலால் அழுத்தி நீளத்தைக் குறைக்கக் குறைக்கச் சுரம் உயர்வது போல, படிகம் சிறுக்கச் சிறுக்க ஆற்றல் இடைவெளி உயர்கிறது. அதற்கேற்பத் துகள் உமிழும் ஒளியும் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. காட்மியம் செலினைடு என்னும் ஒரே பொருள், ஏறத்தாழ 6 நானோமீட்டர் அளவில் செந்நிற ஒளியையும், 2 நானோமீட்டர் அளவில் நீலம் சார்ந்த ஒளியையும் தருகிறது. இத்தகைய அளவு விளைவுகள் உண்டாகும் என்பதை ஹெர்பர்ட் ஃபுரோலிக் என்னும் இயற்பியலார் 1937ஆம் ஆண்டிலேயே கோட்பாட்டு வழியில் சுட்டிக்காட்டியிருந்தார். ஆயின் அதனை மெய்ப்பிக்கத் தக்க துகள்களைச் செய்யும் வழி அன்று எவர் கையிலும் இருக்கவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். அளவே நிறமாகுமெனின், அளவில் நேரும் பிழை நிறத்தில் நேரும் பிழையாகும். ஒரு பெரிய கலத்தில் விளையும் கோடானுகோடித் துகள்களும் ஒரே அளவின ஆனாலன்றித் தூய நிறம் கிட்டாது. ஆகவே குவாண்டம் புள்ளிகளின் வரலாறு முழுவதும், ஒரே அளவில் துகள் செய்யும் கலையைத் தேடிய வரலாறாகவே அமைந்தது.

அறியாமலே ஆக்கியோர்

பெயர் தெரியாமலே பொருளைச் செய்த முன்னோர் உண்டு. ஈய ஆக்சைடையும் நீற்றிய சுண்ணாம்பையும் நீர்விட்டுக் குழைத்து நரைமுடிக்குப் பூசும் வழக்கம் கிரேக்க, உரோமானியக் காலத்திலேயே இருந்தது. பிலிப் வால்தேர் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் அக்குழம்பை மீண்டும் செய்து முடியில் இட்டு நுணுகி ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். முடியின் புரதத்தில் உள்ள கந்தகம் ஈயத்தோடு கூடி, ஏறத்தாழ 5 நானோமீட்டர் அளவுள்ள ஈய சல்பைடுப் படிகங்களாக முடியினுள்ளேயே விளைந்திருந்தது. ஈய சல்பைடு ஒரு குறைகடத்தி. அதாவது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதன் தன் தலையில், நீரின் துணைகொண்டு, குறைகடத்தி நுண்படிகங்களை விளைவித்திருக்கிறான்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சிக்கால ஈராக்கில் குயவர்கள் செய்த மின்னொளிப் பூச்சுக் கலங்கள் இன்னொரு சான்று. வெள்ளி, செம்பு ஆகியவற்றின் உப்புகளைக் கலத்தின் மெருகு மீது தீட்டி, புகை செறிந்த உலையில் மீண்டும் சுட்டபோது, மெருகின் மேற்பரப்பில் உலோக நுண்துகள்கள் படிந்தன. கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் பளபளப்பு அவற்றின் விளைவே. இக்கலையின் நுட்பங்களைக் காஷான் நகரத்து அபுல் காசிம் 1301ஆம் ஆண்டளவில் நூலாக எழுதி வைத்தார். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. உலோகத் துகள்களின் நிறம், அவற்றின் எலெக்ட்ரான்கள் திரளாக ஊசலாடுவதால் எழுவது. குறைகடத்திப் புள்ளிகளின் நிறமோ ஆற்றல் இடைவெளியால் எழுவது. இரண்டும் ஒரே குடும்பத்தின என்று கூறுவது பொருந்தாது. எனினும் கண்ணுக்குப் புலனாகாத் துகளின் அளவை உலையின் வெப்பத்தாலும் புகையாலும் ஆள முடியும் என்பதைக் கைப்பழக்கத்தால் கண்ட அக்குயவர்களுக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

1857ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, தங்கத்தை நீரில் நுண்துகள்களாக்கிச் செந்நிறக் கூழ்மம் செய்து காட்டினார். துகளின் அளவு மாறினால் நிறமும் மாறும் என்பதை முதன்முதலாக அறிவியல் மொழியில் பேசியவர் அவரே எனலாம். அவருடைய கூழ்மங்களிற் சில இலண்டன் அரசக் கழகத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளன.

கண்ணாடி, நீர், எண்ணெய்

குறைகடத்திப் புள்ளிகளின் உண்மையான கண்டுபிடிப்பு இரு வேறு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாமலே நிகழ்ந்தது. லெனின்கிராடு நகரில் வாவிலோவ் ஒளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சி எக்கிமோவ், செம்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பத்தில் 1 மணி முதல் 96 மணி வரை வைத்திருந்து ஆராய்ந்தார். கண்ணாடிக்குள் விளைந்த படிகங்கள் 2 நானோமீட்டர் முதல் 30 நானோமீட்டர் வரை வேறுபட்டிருந்தன. அவை உட்கொள்ளும் ஒளியும் அதற்கேற்ப வேறுபட்டிருந்தது. 1981ஆம் ஆண்டு வெளிவந்த அச்செய்தி சோவியத் எல்லையைத் தாண்டி எளிதில் பரவவில்லை.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த லூயி புரூசு, கதிரொளியால் வேதிவினைகளைத் தூண்டும் நோக்கத்துடன் காட்மியம் சல்பைடுத் துகள்களை நீர்மத்தில் மிதக்கவிட்டு ஆராய்ந்து வந்தார். புதிதாகச் செய்த துகள்களின் ஒளியியல்பு, மேசை மீது வைத்திருந்த துகள்களின் இயல்பினின்றும் வேறுபடுவதைக் கண்டார். முன்னவை ஏறத்தாழ 4.5 நானோமீட்டர் அளவின. பின்னவை வளர்ந்து 12.5 நானோமீட்டர் ஆகியிருந்தன. நீர்க்கரைசலில் உள்ள துகள்களின் அளவு விளைவு பற்றிய அவருடைய கட்டுரை 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே காலத்தில் பெர்லினில் ஆர்னிம் ஹெங்லைனும் நீரில் உள்ள காட்மியம் சல்பைடுக் கூழ்மங்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆக, மிதக்கும் குவாண்டம் புள்ளியின் தொட்டில் நீரே என்பது தெளிவு.

தொட்டிலிலேயே குறையும் தென்பட்டது. நீரில் காட்மிய அயனியும் சல்பைடு அயனியும் சந்தித்த கணமே படிகமாகிவிடுகின்றன. கலக்கும் கோல் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அறை வெப்பத்தில் அவசரமாகப் பிறந்த படிகத்தில் அணுக்கள் ஒழுங்குற அமைவதில்லை; குறைபாடுகள் மிகுந்து ஒளி மங்குகிறது.

இக்குறையைத் தீர்க்க வந்த வழி நீரையே விட்டு விலகிற்று. புரூசிடம் பயின்று பின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்ற மௌங்கி பவெண்டி, தம் மாணவர்களான மரே, நாரிசு ஆகியோருடன் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. பவெண்டி பாரிசில் 1961இல் பிறந்தவர். அவருடைய தந்தை முகம்மது சாலிஹ் பவெண்டி துனீசிய நாட்டுக் கணித அறிஞர் என்பது ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தில் உள்ள எண்ணெய் போன்ற ஒரு கரிம நீர்மத்துக்குள் மூலப் பொருள்களை ஒரே வீச்சில் பீய்ச்சினர். விதைப் படிகங்கள் ஒரே கணத்தில் பிறந்தன. உடனே வெப்பம் தணிந்து புதிய பிறப்பு நின்றது. பின்னர்ப் பிறந்தவை மட்டும் மெல்ல வளர்ந்தன. 1.2 முதல் 11.5 நானோமீட்டர் வரை வேண்டிய அளவில் துகள் கிடைத்தது. உலகெங்கும் இத்துறை விரிந்து பரவியது இம்முறையாலேயே.

விதைப்பும் விளைவும்

இம்முறையின் உட்பொருளை அதற்கு 43 ஆண்டுகள் முன்பே கூறிவிட்டிருந்தார் விக்டர் லாமர். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரும் டினேகரும் 1950இல் எழுதிய கட்டுரை, நீரில் கந்தகத் துகள்கள் ஒரே அளவில் உண்டாவது எவ்வாறு என்பதை விளக்கியது. கரைசலில் பொருளின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டும்போது விதைகள் திடீரென வெடித்துப் பிறக்கின்றன. அப்பிறப்பே செறிவைக் குறைத்துவிடுவதால் மேலும் பிறப்பு நிகழாது. எஞ்சிய பொருள் பிறந்த விதைகளின் மேல் படிந்து அவற்றை வளர்க்கிறது. ஒரே நாளில் நாற்று நட்ட வயல் ஒரே சீராகக் கதிர் முற்றும். நாளுக்குச் சிறிதாக ஒரு மாதம் நட்ட வயலில் பாலும் பதரும் நெல்லும் கலந்தே நிற்கும். பிறப்பையும் வளர்ச்சியையும் காலத்தால் பிரிப்பதே கலையின் இரகசியம்.

எண்ணெய்க் குடுவையில் இது கைகூடியது. ஆனால் விலை பெரிது. அம்முறை தொடக்கத்தில் கையாண்ட டைமெத்தில் காட்மியம் கொடிய நஞ்சு. காற்றுப் பட்டால் தீப்பற்றுவது. ஷியாகாங் பெங் 2001இல் காட்மிய ஆக்சைடைக் கொண்டு செய்யும் எளிய வழியைக் காட்டிய பின்னர் இவ்விடர் தணிந்தது. ஆயினும் உயர் வெப்பமும், காற்றுப் புகாத கருவிகளும், துகள்களைக் கழுவிப் பிரிக்க வேண்டிய கரிம நீர்மங்களும் எஞ்சின. மேலும், எண்ணெயில் பிறந்த துகள் நீரோடு கலவாது. உயிரணுவின் உள்ளே நிகழ்வதை ஒளிரச் செய்து காட்டும் பணிக்கு அதனை அமர்த்த விரும்பியோர், 1998இல் அலிவிசாட்டோசு குழுவினரும் ஷூமிங் நீயின் குழுவினரும் செய்தது போல, அதற்கு நீரை விரும்பும் புதிய மேலாடை போர்த்த வேண்டியதாயிற்று. உயிர்கள் நீரில் வாழ்கின்றன. அவற்றிடம் செல்லும் விளக்கை நீரிலேயே ஏற்றினால் என்ன என்னும் வினா இயல்பாக எழுந்தது.

விடை தேடியோர் கந்தகம் உள்ள தயோல் என்னும் சிறு மூலக்கூறுகளைத் துணைக் கொண்டனர். அவை காட்மிய அயனியை மென்மையாகப் பற்றிக்கொண்டு வினையின் விரைவைத் தணிக்கின்றன. படிகம் பிறந்த பின் அதன் மேற்பரப்பைப் போர்த்து ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. நோசிக் முதலியோர் 1993இலும், ரோகாக், வெல்லர் முதலியோர் ஹாம்பர்க் நகரில் 1996இலும் இவ்வழியில் காட்மியம் டெலூரைடுத் துகள்களை நீரிலேயே செய்தனர். 2003இல் சீன நாட்டு ஜீலின் பல்கலைக்கழகத்தார், மூடிய கலத்தில் அழுத்தத்தோடு நீரை 100 பாகைக்கு மேல் சூடாக்கி, படிகத்தின் குறைகளை ஆற்றி ஒளியைக் கூட்டினர். சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் இத்தகைய தயோல்களில் ஒன்று. பண்டை நாளில் முடியினுள் ஈய சல்பைடு விளையக் கந்தகம் தந்ததும் அதுவே.

காலம் தூரமாகும் இடம்

நீர் திரும்பியது, குடுவை மாறவில்லை. ஒரு கிண்ண அளவில் செம்மையாக நிகழும் வினை, ஒரு கொப்பரை அளவில் தவறிப் போவது ஏன்? கலப்பின் காலம் கலத்தின் பருமனோடு வளர்கிறது. நீரில் ஒரு சிறு மூலக்கூறு தானாகப் பரவி ஒரு சென்டிமீட்டரைக் கடக்கப் பல மணி நேரமாகும். அதில் நூறில் ஒரு பங்கு தூரத்தைக் கடக்கச் சில வினாடிகளே போதும். தூரம் பத்தில் ஒன்றானால் காலம் நூறில் ஒன்றாகும் என்பது பரவலின் விதி. ஆகவே கலத்தைப் பெரிதாக்குவதை விடுத்து அதனை மயிரிழை போல் குறுக்கி, பொருளை அதன் வழியே இடைவிடாது ஓடச் செய்தால் என்ன என்று எண்ணினர். இதுவே தொடர் பாய்வு வேதியியல்.

குறுகிய குழாயில் நீர் எவ்வாறு ஓடும் என்பதை ஆசுபர்ன் ரெய்னால்ட்சு 1883இல் மான்செஸ்டரில் சாய நீரைக் கண்ணாடிக் குழாயில் செலுத்திக் காட்டியிருந்தார். ஓட்டம் மெதுவாகவும் குழாய் குறுகியும் இருப்பின் சாயம் ஒரு நூல் போல் நேரே செல்லும், சுழித்துக் கலவாது. எனவே நுண்குழாயில் கலப்பு நிகழ வேண்டுமாயின், ஓட்டங்களை மெல்லிய இழைகளாகப் பிரித்து அடுக்க வேண்டும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் டி மெல்லோ குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இத்தகையது. காட்மிய உப்பின் நீர்க்கரைசலும் சல்பைடின் நீர்க்கரைசலும் ஒரு சில்லில் பொறித்த நுண்வாய்க்கால்களில் சந்தித்தன. விளைந்த துகள்களின் அளவுச் சீர்மை குடுவையில் கிடைத்ததை விஞ்சியது.

இங்கு நிகழ்ந்த கருத்து மாற்றத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். குடுவையில் காலம் கடிகாரத்தில் ஓடுகிறது. எல்லாத் துகளும் ஒருங்கே மூப்படைகின்றன. தவறு நேர்ந்தால் முழுக்கலமும் வீண். குழாயிலோ காலம் தூரமாகிவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு மீட்டர் செல்லும் ஓட்டத்தில், வாயிலிலிருந்து அரை மீட்டரில் உள்ள துகளின் வயது 30 வினாடி. அந்த இடத்தில் அந்த வயது எப்போதும் நிலைத்திருக்கும். அங்கே ஓர் ஒளிமானியை வைத்தால் பிறப்பையும் வளர்ச்சியையும் ஓயாது கண்காணிக்கலாம். நிறம் பிறழ்ந்தால் ஓட்டத்தையோ வெப்பத்தையோ அப்போதே திருத்தலாம். கூடுதலாக விளைவிக்க வேண்டுமெனில் கலத்தைப் பெருக்க வேண்டுவதில்லை. குழாயை நெடுநேரம் ஓடவிட்டாலே போதும்.

குழாய்க்கும் குறையுண்டு. நடுவில் ஓடும் நீர் சராசரியைப் போல் இருமடங்கு விரைவாகச் செல்ல, சுவரோரத்து நீர் தேங்குகிறது. இதனால் ஒரே வாயிலில் புகுந்த துகள்கள் வெவ்வேறு வயதில் வெளியேறுகின்றன. ஜி. ஐ. டெய்லர் 1953இல் விளக்கிய இந்தப் பரவலுக்கு மருந்து, வேதியியலுக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் லெனார்டு ஸ்கெக்சு, நோயாளிகளின் இரத்தத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும் தானியங்கிக் கருவியில், குழாயினுள் காற்றுக் குமிழிகளை இடையிடையே விட்டு ஒருவரது மாதிரி அடுத்தவரதோடு கலவாமல் காத்தார். அம்முறை 1957இல் வெளியாயிற்று. அதே உத்தியை 2005இல் பவெண்டியும் ஜென்சனும் காட்மியம் செலினைடுத் துகள்களின் ஆக்கத்தில் கையாண்டனர். சிகாகோவில் இஸ்மாகிலோவ் குழுவினர் 2004இல், நீர்த்துளி ஒவ்வொன்றையும் ஒரு தனிக் குடுவையாக்கி, மில்லி வினாடிக் கணக்கில் காட்மியம் சல்பைடுத் துகள்களைச் செய்து காட்டினர். பெருங்குடுவையைத் துறந்தவர்கள் முடிவில் கணக்கற்ற சிறு குடுவைகளை வரிசையாக ஓடவிட்டனர் என்பது எண்ணிச் சுவைக்கத் தக்கது.

கணக்கில் வராத செலவு

நீரைப் பயன்படுத்தினோம், ஆகவே தூய்மை நேர்ந்தது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் நீர் தூயது என்பதும், நீரில் கரைந்தது தூயது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். காட்மியத்தின் கதை இதற்குச் சான்று. 1817இல் ஸ்ட்ரோமையர் கண்டறிந்த இவ்வுலோகத்தின் மஞ்சள் நிறச் சல்பைடு ஓவியர்களின் விருப்பத்துக்குரிய வண்ணமாயிற்று. அதே உலோகம் ஜப்பானின் தொயாமா மாநிலத்தில், சுரங்கக் கழிவாய் ஜின்சு ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, நெல்லில் ஏறி, உண்டவர் எலும்புகளை நொறுக்கியது. ‘ஐயோ வலிக்கிறது’ எனப் பொருள்படும் ‘இத்தாய் இத்தாய்’ என்பதே அந்நோயின் பெயர். காட்மியமே அதற்குக் காரணம் என்று 1968இல் ஜப்பானிய அரசு ஏற்றது. ஆற்று நீரும் நெல்வயலும் கொண்டு வாழும் எந்த மக்களுக்கும் இச்செய்தி அயலானது அன்று.

ஐரோப்பிய ஒன்றியம் மின் கருவிகளில் காட்மியத்தின் அளவை எடையில் 0.01 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் ஆணையை வெளியிட்டது. தொலைக்காட்சித் திரைகளில் குவாண்டம் புள்ளிகள் இடம்பெறத் தொடங்கிய 2010களில், காட்மியம் தவிர்த்த இண்டியம் பாஸ்பைடுத் துகள்கள் பரவியதற்கு இத்தகைய கட்டுப்பாடுகள் ஒரு காரணம். ஆனால் இங்கும் ஒரு முரண் உண்டு. இண்டியம் பாஸ்பைடு செய்யப் பெரிதும் பயன்படும் பாஸ்பரசு மூலப் பொருள் நீர் பட்டால் சிதைவது. எனவே அது எண்ணெயை விட்டு எளிதில் அகலாது. நஞ்சில்லாப் பொருளை நாடினால் நீரை இழக்கிறோம்; நீரை நாடினால் நஞ்சுள்ள பொருளிடம் நிற்கிறோம். செம்பு இண்டியம் சல்பைடு, வெள்ளி இண்டியம் சல்பைடு முதலியவற்றை நீரில் செய்யும் முயற்சிகள் இவ்விடுக்கணைக் கடக்க முனைகின்றன.

வினையில் சேராது எஞ்சிய காட்மிய அயனி எங்கே செல்கிறது? துகளைக் கழுவிய நீர் எங்கே கொட்டப்படுகிறது? இவ்வினாக்கள் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கத் தகாதவை. குழாய் முறையின் மெய்யான நன்மையை இங்கேதான் தேட வேண்டும் என்பது என் கருத்து. அதில் எந்நேரமும் வினையில் இருக்கும் நஞ்சின் அளவு சிறிது. அளந்து ஊட்டுவதால் வீணாகும் பொருள் குறைவு. துகளைக் கண்காணிக்கும் குழாயின் நீட்சியிலேயே கழிவையும் அளந்து பிரிக்கும் பகுதியை இணைக்க முடியும். கொப்பரையில் வடித்துக் கொட்டியபின் சாக்கடையில் தேடுவதைவிட, ஓடும்போதே பிடிப்பது எளிது. அவ்வாறு இணைக்காமல் நீர் முறை என்னும் பெயரை மட்டும் பறைசாற்றினால், செலவைக் கணக்கிலிருந்து மறைத்து ஆற்றின் மேல் எழுதுவதாகவே முடியும்.

ஈயக் குழம்பைத் தலையில் பூசிய பண்டை மனிதன் 5 நானோமீட்டர்ப் படிகத்தைச் செய்தான். அவன் செய்தது இன்னதென்று அவனுக்குத் தெரியாது. நமக்கு அளவு தெரியும். அளவு நிறமாகும் விதி தெரியும். வினாடியைத் தூரமாக மாற்றும் வித்தையும் தெரியும். நஞ்சின் பெயரும் அது செல்லும் வழியும்கூடத் தெரியும். ஆகவே அவனுக்கு இருந்த சாக்கு நமக்கு இல்லை. குழாயின் ஒரு முனையில் ஒளிரும் துகளைப் பெற்றுக்கொள்ளும் கை, மறு முனையில் வடியும் நீருக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளும் நாளில்தான், குடுவையை விட்டுக் குழாய்க்கு வந்த இப்பயணம் நிறைவுறும்.